பின்சக்கரத்துத் தீப்பெட்டி

நான்காவது வளைவில் அவள் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டு, மடியிலிருந்த அட்டையில் ஒரு கோடு இழுத்தார்.

“ஒன்பது,” என்றார்.

“எதிர்ல வண்டியே இல்லப்பா.”

“இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? மலைக்கு அந்தப் பக்கம் ஆள் வச்சிருக்கியா?”

பின்னிருக்கையில் அண்ணன் கெக்கெக்கென்று சிரித்தான். நாற்பத்தெட்டு வயதிலும் அப்பா சொல்லும் எதற்கும் முதல் சிரிப்பு அவனுடையதுதான். கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கடலைவிட அவன் கட்டைவிரல்தான் அதில் அதிகம் விழுந்திருக்கும்.

“கைய உள்ள எடு.”

“விடு கிளட்ச், காத்து நல்லாயிருக்கு.”

கிளட்ச். இருபது வயதில், ஓட்டப் பழகிய முதல் வாரத்தில், அவள் ஒரு கிளட்சைக் கருக்கியிருந்தாள். அதற்குப் பிறகு அண்ணன் மூன்று கார்களைச் சுவரிலும் மரத்திலும் மோதி முடித்துவிட்டான். அவனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அப்பாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் ‘சிவப்புப் பென்சில்’. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைப் பரீட்சை செய்யும் இன்ஸ்பெக்டர். முப்பத்தொரு வருடத்தில் பாதி ஊரைப் பெயிலாக்கியவர். கடைத்தெருவில் அவர் நடந்தால் எதிரே வருகிறவர்கள் அடுத்த பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். “மரியாதை,” என்பார் அப்பா. அது மரியாதை இல்லை என்று அவருக்குச் சொல்லும் தைரியம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. பென்சிலும் அட்டையும் ஓய்வு பெறவில்லை. போன மாதம் டாக்டர் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, “கால்வாசிதான் வேலை செய்யுது சார்,” என்றார். “அப்ப முக்கால்வாசி பெயில்,” என்று அப்பா திருத்தினார். எத்தனை நாள் என்று கேட்டார். டாக்டர் நாளைச் சொல்லாமல் வாரத்தைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார்: “பாறைக்கரைக்குப் போகணும். காருல, படகுல, கால்நடையா. ஒரே நாள்.”

இருபது வருடத்துக்கு முன்னால் தனியாகப் போய் முடித்திருந்தார். கார் இரண்டு மணி பத்து நிமிடம், படகு ஐம்பது, நடை நாற்பது. கணக்கை ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். கடல் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “வேடிக்கை பார்க்கிறவன் பார்க்கட்டும். நான் முடிச்சிட்டு வர்ற ஆளு.”

அண்ணனின் கார் வழக்கம்போல ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. ஆகவே அவளுடைய டாக்ஸி. அப்பா ஓய்வு பெற்ற பிறகு வேறு இன்ஸ்பெக்டரிடம் உரிமம் வாங்கி, பத்து வருடமாக அவள் அதை ஓட்டித்தான் பிழைக்கிறாள். பத்து வருடமாக அப்பா அதில் ஏறியதில்லை. பெயிலானவள் ஓட்டும் வண்டியில் ஏறுவதில்லை என்பது அவர் கொள்கை. இன்றைக்குத்தான் முதல் முறை. ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் இல்லை. அவரிடம் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, இருபத்தாறு வருடமாக. பதில் சொல்லாமல் அவரைச் சாகவிட அவளுக்கு மனமில்லை.

மேட்டில் இரண்டு சுற்றுலாப் பேருந்துகள் நின்றன. கீழே, கரை நெடுக யாரோ கோபத்தில் போட்டு உடைத்த மாதிரி கறுப்புப் பாறைகள். அலை ஒவ்வொன்றும் அவற்றின்மேல் ஏறி, வெள்ளையாகச் சிதறி, வழிந்து இறங்கியது. வந்திருந்த அறுபது எழுபது பேரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு தூரம் வந்து கடலுக்கு முதுகக் காட்டுறானுங்க,” என்றார் அப்பா.

அவள் சரியாக அதையேதான் நினைத்திருந்தாள். வாயை இறுக்கிக்கொண்டாள். ஏளனத்தில் மட்டும் அவள் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

“நிறுத்து. இங்கதான்.”

“எதுக்கு?”

“நல்ல சரிவு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். புகைபிடிக்காத மனிதர். ஆனாலும் அந்தப் பையில் தீப்பெட்டி இல்லாமல் அவள் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய பரீட்சையின் உச்சகட்டமே அதுதான். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்வார். பின்சக்கரத்துக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு தீப்பெட்டி வைக்கப்படும். அங்கிருந்து வண்டி மேலே கிளம்ப வேண்டும். கொஞ்சம் பின்னால் உருண்டாலும் பெட்டி நசுங்கும். நசுங்கினால் பெயில். முட்டி வலி என்று சொல்லி அவர் ஏற்றத்தின் உச்சியிலேயே இறங்கி நிற்பார், பரீட்சைக்கு வந்தவன் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்து காட்ட வேண்டும். ஒரு பெட்டி நசுங்கினால்தான் புதுப் பெட்டி. அதுவரை எத்தனை பேர் வந்தாலும் அதே பெட்டிதான். இந்தச் சட்டத்தை அவருக்கு எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுக்கவில்லை.

“டேய், இறங்கி பின்னாடி வை. ரெண்டு விரல்.”

“வைக்காத அண்ணா,” என்றாள் அவள். “நான் இவருகிட்ட பரீட்சைக்கு வரல.”

அண்ணன் கதவைத் தொடக்கூட இல்லை. அவள் சொல்லி அவன் இவ்வளவு வேகமாகக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

“வேணாம்பா,” என்றான். “நேரமாகுதுல்ல.”

அப்பா இருவரையும் பார்த்தார். பெட்டி பைக்குள் போனது. பென்சில் நாக்குக்குப் போனது. “அதிகாரி சொன்னதுக்கு மறுப்பு. பத்து.”

படகுத்துறைக்கு இறங்கும் பாதை, பாதை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சறுக்கல். அவள் அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, ஏற்றத்தைப் பார்க்க நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அப்பா கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.

“ரெண்டு மணி ஒன்பது நிமிஷம்.”

இருபது வருடச் சாதனையில் ஒரு நிமிடம் குறைவு. மறுபடி பார்த்தார். காதில் வைத்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டார். அட்டையில் நேரத்தைக் குறித்து, அதை டாஷ்போர்டில் போட்டுவிட்டு இறங்கினார்.

படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அப்பாவைப் பார்த்ததும் வாயிலிருந்த பீடியை எடுத்தார்.

“சிவப்புப் பென்சில் சார்தானே? என்னை நாலு தடவ பெயிலாக்கினீங்க.”

“தகுதி இல்லாதவனப் பாஸாக்கினா ரோட்டுல எவன் சாவான்?”

“சரிதான் சார். அதான் இங்க வந்துட்டேன்.” கடலைக் கையால் காட்டினார். “இங்க சரிவு இல்ல, தீப்பெட்டியும் நிக்காது.”

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் முறையாக. அப்பா அவளைப் பார்த்த பார்வைக்கு அட்டையில் இடம் போதாது.

படகு கிளம்பியது. பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்தன. ஒரு பாறை நடுவில் ஓட்டை விழுந்து வாசல் மாதிரி நின்றது. அதன் வழியாகப் படகு நுழைந்தபோது மேலேயிருந்து குளிர்ந்த நீர் சொட்டியது. ஒரு குகைக்குள் அலை போய் முட்டி, பெரிய மூச்சாக வெளியே வந்தது.

“குறட்டைக் குகைன்னு பேரு,” என்றார் படகுக்காரர். “உள்ள ஒருத்தன் தூங்குறான், எழுப்புறதுக்கு ஆளில்லை.”

“எட்டு நிமிஷம் ஆச்சு,” என்றார் அப்பா. “இதுக்குள்ள அந்த மூக்குப் பாறையத் தாண்டியிருக்கணும். எஞ்சினுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?”

“எஞ்சினுக்கு நல்லாத்தான் இருக்கு சார். உங்களுக்குத்தான் உதடு நீலமா இருக்கு.”

நீலமாகத்தான் இருந்தது. அவளும் பார்த்தாள். அண்ணன் பார்க்கவில்லை. அவன் படகின் விளிம்பில் குப்புறத் தொங்கி, காலையில் தின்றதைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆயுள் காப்பீடு விற்பவன். ‘எதிர்பாராததை எதிர்பாருங்கள்’ என்று அவன் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கும்.

“திரும்பிடலாமாப்பா?” என்று கேட்டாள்.

“பாதியில இறங்குறவனுக்கு எந்த லைசென்ஸும் கிடையாது.”

தட்டையான பாறைத் திட்டு ஒன்றில் படகு ஒட்டியது. அங்கிருந்து கடல் ஓரமாகவே ஒரு நடை. பழைய கணக்கில் பாறைமுனை வரை போய்த் திரும்ப நாற்பது நிமிடம். படகுக்காரர் வானத்தையும் தண்ணீரையும் பார்த்தார். “ஒரு மணி நேரம் தர்றேன். அப்புறம் தண்ணி ஏறும்.”

அவள் கையை நீட்டினாள். அப்பா அதைத் தாண்டி நடந்தார். பத்து அடி, நிற்பது. பத்து அடி, நிற்பது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எதையோ ஆராய்வது போல ஒரு பாறையை முறைத்தார். மூச்சு வாங்குகிறது என்று ஒத்துக்கொள்ளாமலிருக்கப் பாறையை முறைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். நூறு மீட்டர்கூட ஆகவில்லை, மேஜை போலிருந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். வாட்சை நிறுத்தினார்.

“நான் முனை வரைக்கும் போய் வீடியோ எடுத்துட்டு வர்றேன்பா,” என்றான் அண்ணன். தரையில் கால் பட்டதும் வயிறு சரியாகிவிட்டது. “நீங்க போன மாதிரியே இருக்கும்.”

அவன் போனான். காற்று, அலை, இரண்டு பறவைகள். வேறு யாரும் இல்லை. இனி இப்படி ஒரு சமயம் வாய்க்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அப்பா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“அன்னிக்கு என்னை ஏன் பெயிலாக்கினீங்க?”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. “பெட்டி நசுங்கிச்சு.”

“வண்டி பின்னால வரவே இல்ல. நீங்க எம் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

“நீதானே கொண்டுவந்து கையில குடுத்த? ஓரம் நசுங்கியிருந்துச்சு. நசுங்கினது நசுங்கினதுதான்.”

“மறுபடி போனப்ப, எதிர்த்துப் பேசினேன்னு எழுதிப் பெயிலாக்கினீங்க.”

“பேசினேல்ல?”

“மருந்துக் கம்பெனி வேலை கையில இருந்துச்சுப்பா. லைசென்ஸ் மட்டும்தான் கேட்டான். ஊர் ஊரா சுத்துற வேலை. எனக்குன்னு கிடைச்ச முதல் வேலை. அண்ணன் அதே நாள், அதே பெட்டியில பாஸ். அவன் எப்படி ஓட்டுவான்னு உங்களுக்குத் தெரியாதா?” அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். “நான் வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு வேணும்னேதான் பண்ணினீங்க. ஒரு தடவ ஆமான்னு சொல்லுங்க. போதும்.”

அப்பா அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்து, பித்தானை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

இது அந்த வீட்டின் பழைய பரீட்சை. குழந்தைகள் சண்டை போட்டால், அம்மா குறை சொன்னால், யாராவது எதிர்த்துக் கேள்வி கேட்டால் அப்பா வாட்சை அமுக்கிக் கண்ணை மூடுவார். அவர் கண் திறக்கும் வரை யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. முதலில் வாய் திறப்பவர் பெயில். பெயிலானவர் சொன்னது எதுவும் கணக்கில் சேராது. அடுப்பில் பால் பொங்கி வழிவதை அம்மா சைகையில் காட்டிய வீடு அது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி வரை அம்மா ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

‘நாற்பத்தாறு வயசுல என்னை மறுபடி உட்கார வைக்கிறார்.’

சரி. உட்காரலாம். இந்த முறை அவள் பெயிலாகப் போவதில்லை. அவராகக் கண்ணைத் திறந்து, அவராகப் பதில் சொல்லும் வரை அவள் வாயைத் திறக்கப் போவதில்லை. எதிர்க்கல்லில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். அவர் விரல்களுக்குள் வாட்ச் டிக் டிக்கென்று ஓடியது. எந்த வீட்டிலும் மகள்கள் அப்பாவைப் பார்க்காத விதமாக அவள் அவரைப் பார்த்தாள். மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அப்பா அசையவில்லை. நடிப்பு, என்று நினைத்தாள். ஈயைக்கூட ஓட்டாத திமிர்.

அண்ணன் திரும்பி வந்தான். வாயைத் திறக்கப் போனவன் அப்பாவின் மூடிய கண்ணையும் கையிலிருந்த வாட்சையும் பார்த்தான். சட்டென்று நின்றான். புருவத்தை உயர்த்தி அவளைக் கேட்டான்: எவ்வளவு நேரமா? அவள் தோளைக் குலுக்கினாள். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

அலை முன்பைவிடப் பக்கத்தில் உடைந்தது. தெறித்த நீர் அவள் காலில் பட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. யார் முதலில் சொல்வது? அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டு கோழைகள், என்று நினைத்தாள். அதில் ஒருத்தி நான்.

“ஏம்மா! தண்ணி ஏறுது, காது கேக்கலையா?” படகுக்காரர் பாறைகளின் மேல் தாவித் தாவி வந்தார். “என்ன, மூணு பேரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

அண்ணன் விரலை உதட்டில் வைத்தான். “ஷ்! அப்பா நேரம் பாத்துட்டிருக்காரு.”

படகுக்காரர் அப்பாவின் முன்னால் வந்து நின்றார். முகத்தருகே குனிந்தார். மணிக்கட்டைத் தொட்டார். கொஞ்ச நேரம் தொட்டபடியே இருந்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியை எடுத்தார்.

“இவர் நேரம் பாக்கலம்மா,” என்றார்.

அவள் எழுந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாட்சை எடுத்தாள். நாற்பத்தொரு நிமிடம். முள் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் அலறினான். பாறைச் சுவரில் அது மோதித் திரும்பி வந்தது. சிக்னல் இல்லாத கைப்பேசியில் ஏழெட்டு எண்களை அழுத்தினான். “அப்பா, அப்பா,” என்றான். “யாரையாவது கூப்பிடு,” என்றான். யாரைக் கூப்பிடுவது என்று அவனே அழுதான்.

“அழுதுக்கலாம் தம்பி, படகுல வச்சு அழு,” என்றார் படகுக்காரர். “இன்னும் கால்மணி நேரத்துல இந்தக் கல்லு தண்ணிக்குள்ள இருக்கும்.”

அவளும் படகுக்காரரும் தூக்கினார்கள். அவர் தோள் பக்கம், அவள் கால் பக்கம். அண்ணன் அப்பாவின் காலிலிருந்து நழுவிய ஷூக்களை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். முக்கால் வாழ்நாள் எடை போட்டுத் தள்ளிய மனிதருக்கு உடம்பில் எடையே இல்லை. நூறு மீட்டரைப் பதினொரு நிமிடத்தில் கடந்தார்கள். அவள் பார்க்க நினைக்கவில்லை. வாட்ச் இப்போது அவள் கழுத்தில் தொங்கியது, கண்ணில் பட்டது.

குறட்டைக் குகையைத் தாண்டும்போது படகுக்காரர் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார்.

துறையிலும் சிக்னல் இல்லை. மேலே மெயின்ரோட்டுக்குப் போனால்தான் எதுவும். ஆஸ்பத்திரி அங்கிருந்து முக்கால் மணி நேரம்.

“பின்னாடி படுக்க வைக்கலாம்,” என்றான் அண்ணன்.

“வளைவுல உருண்டுடுவாரு. முன்னாடி.”

“முன்னாடியா? ஐயோ, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“பாஸஞ்சர்னு நினைப்பாங்க.”

உட்கார வைத்தார்கள். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டி, இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள். அட்டை டாஷ்போர்டில் அப்படியே கிடந்தது. பத்துச் சிவப்புக் கோடு. கீழே, நேரம் எழுதும் கட்டத்தில் 2–09. குறிப்பு எழுதும் கட்டம் காலி.

படகுக்காரர் ஜன்னலருகே குனிந்தார். அவளிடம் ஏதோ சொல்ல நினைத்து, அப்பாவிடம் சொன்னார்: “வரேன் சார்.” திரும்பிப் பார்க்காமல் துறைக்குப் போனார்.

எதிரே ஏற்றம் நின்றது. அவள் அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

“அண்ணா. இறங்கி பின்சக்கரத்துல வை.”

“என்னது?”

“ரெண்டு விரல் இடைவெளி.”

“பைத்தியமா உனக்கு? அப்பா செத்துக் கிடக்கிறாரு!”

“தெரியும். நானும் தூக்கினேன். வை.”

அவன் பெட்டியை வாங்கவில்லை. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. படகில் இருந்ததைவிட வெளுத்திருந்தது.

“அதுக்குத்தான் கேட்டியா அவர்கிட்ட?” என்றான். “அங்க, பாறையில? அந்தப் பரீட்சை விஷயமா?”

“உனக்கென்ன?”

“என்ன சொன்னாரு?”

“நசுங்கினது நசுங்கினதுதான்னாரு.”

அவன் முகத்தைத் துடைத்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினான். “எனக்கு வண்டி பின்னால வந்துடுச்சு. அன்னிக்கு. பெட்டிய எடுக்கப் போனேன், ஒரு ஓரம் சப்பையா இருந்துச்சு. கட்டைவிரலால உள்ளேர்ந்து தள்ளி நிமிர்த்தினேன். அப்பா மேல நின்னாருல்ல, கண்ணாடி போடல. தூரத்துலேர்ந்தே தூக்கிக் காட்டினேன். பாஸ்னாரு. அடுத்தது நீ. அதே பெட்டிதான். நான்தானே உனக்கு வச்சேன். சக்கரம் படாமலே அது மறுபடி அமுங்கியிருக்கும்… நீ அப்படியே எடுத்துட்டுப் போய் அவர் கையில குடுத்துட்ட.”

அவள் இன்னொரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள்.

“சொல்லணும்னுதான் நினைச்சேன். நீ மறுபடி ஓட்டிக் காட்டிப் பாஸாகிடுவேன்னு விட்டுட்டேன். அப்புறம் நீ எதிர்த்துப் பேசி… அப்புறம் உனக்குக் கல்யாணம்… எப்படிச் சொல்றது?”

பக்கத்து இருக்கையில் அப்பா நேராக முன்னால் பார்த்த வாக்கில் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடி. ஒரு மகனை நம்பி, ஒரு மகளை நம்பாமல், நடுவில் ஒரு பெட்டியை நம்பிய மனிதர். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்தச் சரிவில் நாலு அடி இறங்கிக் குனிந்து பார்த்திருந்தால் போதும். முட்டி வலியாம்.

‘வேணும்னேதான் பண்ணினீங்க.’ அவர் காதில் விழுந்த கடைசிக் குற்றச்சாட்டு அதுதான். அதற்குத்தான் அவர் வாயைத் திறந்தார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும் சொல்ல?

“ஏதாவது பேசு,” என்றான் அண்ணன். “திட்டவாவது செய்.”

அவள் கை இன்னும் பின்னால் நீண்டிருந்தது, தீப்பெட்டியோடு.

“ரெண்டு விரல்,” என்றாள். “அளந்து வை.”

அவன் இறங்கினான். கதவு சாத்தும் சத்தம். பின்னால் அவன் மண்டியிடுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. எழுந்து, ஒதுங்கி நின்று, கையைக் காட்டினான்.

கிளட்சை மிதித்தாள். முதல் கியர். இடது கால் மெல்ல, மெல்ல மேலே வந்தது. வண்டியின் மூக்கு அரை அங்குலம் நிமிர்ந்து நடுங்கியது. ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.

ஏற்றத்தின் உச்சியில் நிறுத்திக் காத்திருந்தாள். அண்ணன் மூச்சு இரைக்க ஓடி வந்தான். இந்த முறை தூரத்திலிருந்து தூக்கிக் காட்டவில்லை. ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தான். அவள் அதைப் பார்க்காமல் டாஷ்போர்டில், அட்டையின் மேல் வைத்தாள்.

“ஏறு,” என்றாள்.

மெயின்ரோடு வந்தது. அண்ணனின் கைப்பேசியில் சிக்னல் வந்து, ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. மேட்டில் புதிதாக வந்திருந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தீப்பெட்டிக்குள் குச்சிகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு உருண்டன.

காலையில் வந்த வளைவுகள் இப்போது எதிர்ப்புறமாக வந்தன. ஹாரன் அடிக்காத அந்த வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தாள். ஹாரன் அடித்தாள், நீளமாக.

எதிரே வண்டி எதுவும் வரவில்லை.